கப்பலில் இல்லாத தமிழன்

சென்னைக்கு வடக்கே, காட்டூர் வட்டாரத்தில் ஒரு வயல்வரப்பில் ஏறி நின்றால் போதும், தெற்கே அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரியும். வடக்கே பழவேற்காடு ஏரி. அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் இந்தக் கரையில் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும். கொதிகலன் எரியும் நாளுக்கு அப்படி எந்த உத்தரவும் கிடையாது. அது தினமும் எரிகிறது.

பேரழிவு வந்து போன பிறகு, கொதிகலனும் பிஸ்டனுமாக மனிதர்கள் காலம் தள்ளும் எதிர்காலத்தைப் பற்றி விஞ்ஞானக் கதைகள் நிறைய வருகின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் ஊர் நடுவே ஒரு போர்வீரன் சிலை இருக்கும். கடைசி அத்தியாயத்தில் அந்த வீரனைப் பற்றிய உண்மை வெளியே வரும். சென்னைக்கு வடக்கே இந்தக் கரையில் அப்படி ஒரு கதைக்கான எல்லாச் சரக்கும் தயாராகக் கிடக்கிறது: நீராவி, சாம்பல், எரிந்த எண்ணெய், சிலை, சிலைக்குரியவரைப் பற்றி ஊரே நம்பும் ஒரு தவறான தகவல்.

சிலை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. செண்பகராமன் பிள்ளையின் சிலை. 2008-இல் திறந்தார்கள். திருவனந்தபுரத்தில் 1891 செப்டம்பர் 15 அன்று பிறந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர். 'ஜெய்ஹிந்த்' என்ற முழக்கத்தை முதலில் எழுப்பியவர் அவர்தான் என்பார்கள். அதைவிடப் பெரிதாகச் சொல்லப்படுவது இன்னொன்று. முதல் உலகப் போரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் அவர் இருந்தார் என்பது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் இது உண்டு, மேடைப் பேச்சில் உண்டு, ஆகஸ்ட் 15 வந்தால் வாட்ஸ்அப்பில் உண்டு. ஒரு வடிவத்தில் அவர் துணைத் தளபதி. இன்னொன்றில் கப்பலின் பொறியாளர். மூன்றாவதில், எதைச் சுட வேண்டும், எந்தக் கோயிலைத் தவிர்க்க வேண்டும் என்று கைகாட்டியவர்.

அவர் அந்தக் கப்பலில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. இதைச் சொல்வதால் அவருக்கு ஒரு குறையும் வராது என்பது என் கட்சி. வரலாற்றில் உள்ள செண்பகராமன், கட்டுக்கதையில் வருபவரைக் காட்டிலும் சுவாரசியமான மனிதர். ஆனால் அந்தக் கதை வேறொன்றை மறைத்துவிட்டது. அதற்குத்தான் காட்டூர் வரை வரவேண்டியிருக்கிறது.

அந்த இரவு

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. கரையிலும் விளக்குகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் துறைமுகத்தை ஒட்டி, வெள்ளை நிறத்தில் சிவப்புப் பட்டை போட்டு, கடலைப் பார்த்து நின்றன. கப்பல் தேடுவிளக்கைப் போட்டது. தொட்டிகள் தெரிந்தன. சுடத் தொடங்கியது.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 125 முதல் 130 குண்டுகள் வரை சுட்டார்கள். இரண்டு தொட்டிகள் பற்றி, சுமார் மூன்றரை லட்சம் காலன் மண்ணெண்ணெய் எரிந்து போனது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் ஐந்து பேர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒரு குண்டுச் சிதறல் கோட்டை அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. தாங்கள் விலகிப் போன பிறகும் நெருப்பு வெகுதூரம் தெரிந்தது என்று கப்பல்காரர்கள் எழுதி வைத்தார்கள். அப்படியானால் வடக்கே பழவேற்காட்டுக் குப்பங்களில் அன்றிரவு வலையோடு இருந்தவர்கள் தென்வானம் சிவந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து சென்னை காலியாகத் தொடங்கியது. ரயிலடியில் கூட்டம், மாட்டு வண்டியில் கூட்டம். கப்பல் திரும்பி வரவில்லை, பயம் மட்டும் பல வாரம் நின்றது. கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் எதிர்பார்த்ததும் அதையே. எண்ணெய் எரிவது அவருக்கு இரண்டாம்பட்சம். ஆங்கிலேயன் அசைக்க முடியாதவன் என்ற எண்ணம் இந்தியர் மனத்தில் ஆட்டம் காண வேண்டும், வணிகம் தடுமாற வேண்டும் என்பதுதான் கணக்கு. கணக்கு பலித்தது. கெட்டிக்காரன், கறார்ப் பேர்வழி, அடங்காப் பிள்ளை என்று பலவிதமான ஆட்களுக்கும் தமிழ்நாடு 'எம்டன்' என்று பெயர் வைத்துவிட்டது. 2006-இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து எடுத்த படத்துக்கு, தமிழ்ப் பெயர் இருந்தால்தான் வரிவிலக்கு என்று ஆனபோது 'எம் மகன்' என்று மாற்ற வேண்டி வந்தது. தொண்ணூறு ஆண்டு புழங்கியும் அரசாங்கக் கணக்கில் அது ஜெர்மன் சொல்லாகவே இருந்திருக்கிறது.

இவ்வளவு நெருக்கமாகிவிட்ட கப்பலில் நம்மவர் ஒருவர் இல்லாமல் இருப்பாரா என்று மனம் கேட்கிறது. கோயிலில் விழாத குண்டு, எண்ணெய்த் தொட்டியில் மட்டும் எப்படிச் சரியாக விழுந்தது? உள்ளூர்க்காரன் காட்டிக்கொடுக்காமலா? கேள்வி நியாயமானதுதான். விடை மேலேயே இருக்கிறது. கலங்கரை விளக்கம் எரிந்தது. தொட்டியில் சிவப்புப் பட்டை போட்டிருந்தது. போதாததற்கு, கீழைக்கடல் துறைமுகங்களையும் அங்கே போய்வரும் கப்பல்களையும் நன்கு அறிந்த ஒருவர் எம்டனில் இருக்கத்தான் செய்தார். அவர் பெயர் யூலியுஸ் லாட்டர்பாக். ஜெர்மன் வணிகக் கப்பல் கம்பெனி ஒன்றில் கேப்டனாக இருந்து, போர் வந்ததும் ரிசர்வ் அதிகாரியாக எம்டனில் ஏறியவர். நல்ல கனத்த சரீரம். பிடிபட்ட கப்பல்களில் ஏறிச் சோதனை போடுவது அவர் வேலை.

சூரிக்கில் ஒரு விண்ணப்பம்

செண்பகராமன் அப்போது எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்வது அவருடைய எதிரிகள். நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் அமைந்த ராஜதுரோக விசாரணைக் குழு 1918-இல் அறிக்கை கொடுத்தது. ரௌலட் சட்டத்துக்கு வழிவிட்டு, ஜாலியன்வாலாபாக் வரை கொண்டுபோய் விட்ட அதே அறிக்கைதான். அதில் செண்பகராமனைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. சூரிக் நகரில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழு என்ற அமைப்பின் தலைவராக இருந்த இந்த இளம் தமிழர், 1914 செப்டம்பரில் அங்குள்ள ஜெர்மன் துணைத் தூதரை அணுகி, ஆங்கிலேயருக்கு எதிரான பிரசுரங்களை ஜெர்மனியில் வெளியிட அனுமதி கேட்டார் என்கிறது அறிக்கை. அக்டோபரில் சூரிக்கை விட்டு பெர்லினுக்குப் போய், ஜெர்மன் வெளியுறவு அலுவலகத்தின் கீழ் வேலை செய்யத் தொடங்கினார் என்றும் சொல்கிறது. அவரைத் தூக்கிப் பேச வேண்டிய அவசியமே இல்லாத உளவுத்துறை தந்த தகவல் இது. எம்டன் சென்னையைச் சுட்ட அதே மாதத்தில், கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில் அவர் பிரசுரத்துக்கு அனுமதி தேடிக்கொண்டிருந்தார்.

கப்பலின் வழித்தடமும் இதையே சொல்கிறது. எம்டன் 1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்தை விட்டது. அதன் பிறகு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. சீனக் கடற்கரையில் சிங்தாவ் அதன் தளம். அங்கிருந்துதான் போருக்குப் புறப்பட்டது. 1914 ஆகஸ்ட் நடுவில் பசிபிக் தீவான பேகனில் அட்மிரல் கிராஃப் ஸ்பேயின் அணியிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. ஐரோப்பாவில் இருந்த ஒருவர் அதில் ஏறுவதற்கு வழியே இல்லை. கப்பலில் ஆசியர்கள் இருந்தார்கள். துணி வெளுக்கும் சீனர்கள் அவர்கள். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

உண்மையில் செண்பகராமன் செய்தது என்ன? பதினேழு வயதுப் பையன் சர் வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளரோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனான். ஆங்கில அரசின் மேல் கசப்புக் கொண்ட ஆங்கிலேயர் அவர். சூரிக்கில் பத்திரிகை நடத்தி, பெர்லினில் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோரோடு இந்திய சுதந்திரக் குழுவில் சேர்ந்து, 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சர் என்று பெயர் குறிக்கப்பட்டார். ராஜா மகேந்திர பிரதாப் அதில் அதிபர், மௌலானா பரகத்துல்லா பிரதமர். ஆள நாடு இல்லாத அமைச்சரவை. போருக்குப் பிறகும் பெர்லினிலேயே இருந்தார். நாஜிகள் வந்தபோது அவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1934 மே மாதம் இறந்தபோது வயது 42. துப்பாக்கி தூக்காமல், பேனாவும் கடிதமுமாக, அந்நிய நாட்டில் கால் நூற்றாண்டுக்கு மேல் காலம் தள்ளிய வாழ்க்கை அது. நமக்கு அது போதவில்லை. வீரன் என்றால் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

அவர் கடைசியில் ஒரு போர்க்கப்பலில் போனார் என்பதும் உண்மை, சாம்பலாக. மனைவி லட்சுமிபாய் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து மூன்று பத்தாண்டுகளாகப் பாதுகாத்தார். 1966-இல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அதைச் சுமந்து வந்தது. அந்தக் கப்பலின் பழைய பெயர் அக்கிலீஸ். நியூசிலாந்து மாலுமிகளோடு 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடலில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கி விரட்டிய மூன்று கப்பல்களில் ஒன்று. விரட்டப்பட்ட கப்பலுக்குப் பெயர் 'அட்மிரல் கிராஃப் ஸ்பே'. எம்டனின் அணித்தலைவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். நாவலில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

இந்தியர்களும் எம்டன்காரர்களும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாளும் உண்டு. அதை யாரும் பேச்சுப் போட்டியில் சொல்வதில்லை. 1915 பிப்ரவரி 15, சிங்கப்பூர். ஹாங்காங்குக்குக் கப்பலேற இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்களிடையே, துருக்கியரோடு சண்டை போடத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது. அவர்கள் கலகம் செய்தார்கள். டாங்லின் முகாமுக்குப் போய் அங்கே அடைபட்டிருந்த ஜெர்மன் கைதிகளைத் திறந்துவிட்டு, கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கைதிகளில் லாட்டர்பாக்கும் ஒருவர். பெரும்பாலான ஜெர்மானியர்கள் துப்பாக்கியை வாங்க மறுத்தார்கள். லாட்டர்பாக் உள்ளிட்ட சிலர் கிடைத்த சந்தில் தப்பித்து ஓடினார்கள். கலகம் செய்த சிப்பாய்களில் 47 பேரை ஊட்ரம் சாலைச் சிறைச் சுவரோரம் நிறுத்தி, பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். எம்டன் இந்தியாவுக்கு விடுதலை கொண்டுவர வந்த கப்பல் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மேலே பேசலாம்.

அடுப்படி

இனி, கதை மறைத்த விஷயத்துக்கு வருவோம். எம்டனை ஓட்டியது முல்லரின் மூளை என்பது பாதி உண்மை. மீதி, கீழ்த்தளத்தில் இருந்த பன்னிரண்டு கொதிகலன்கள். 1908-இல் டான்சிக்கில் கட்டி நீரில் இறக்கிய கப்பல் அது. கூடப் பிறந்த கப்பலான டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள், எம்டனுக்குப் பழைய பாணிப் பிஸ்டன் எந்திரம். அந்த வகை எந்திரத்தோடு ஜெர்மனி கட்டிய கடைசி இலகு குரூசர் இதுதான். நீராவி முதலில் சிறிய உருளையில் விரிந்து, பிறகு அதைவிடப் பெரியதில், பிறகு இன்னும் பெரியதில் என்று மூன்று தடவை பிழியப்படும். நிலக்கரி நிறைய ஏற்றினாலும் 860 டன்தான். மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் நிதானமாகப் போனால் 3,760 கடல்மைல் ஓடலாம். அவசரப்பட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

அதனால் எம்டனின் போர் முழுக்கவே கரி தேடும் போர். பத்திரமாக ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. கூடவே மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலை இழுத்துக்கொண்டு திரிந்தது. வங்காள விரிகுடாவில் முதலில் பிடித்தது கிரேக்கக் கப்பலான பொன்டோபோரோஸ். அதில் இருந்தது ஆங்கிலேயருக்குப் போகும் வங்காளக் கரி. அடுத்து செப்டம்பர் 10-இல் இண்டஸ். சவுக்காரம் தீர்ந்துபோய்க் கரி படிந்த உடம்போடு அலைந்த மாலுமிகளுக்கு அதன் சரக்கில் கிடைத்தது மூட்டை மூட்டையாகச் சோப்பு. ஐந்தே நாளில் லோவாட், கபிங்கா, கில்லின், டிப்ளமாட், டிராபாக், கிளான் மாதேசன். டிப்ளமாட்டில் லண்டனுக்குப் போகும் தேயிலை. கபிங்காவில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால், பிடித்த மாலுமிகளையெல்லாம் அதில் ஏற்றி விட்டுவிட்டார் முல்லர். எதிரிகளே மெச்சிய கனவான். அந்தப் பெயர் அவருக்குத் தகும். சுப்ராவில் இறந்தவர்கள் அந்தப் பெயருக்குள் அடங்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வங்காளக் கரி மட்டமான கரி. கரும்புகை கக்கும், சாம்பல் கட்டும், குழாயை அடைக்கும். ஒளிந்து திரியும் கப்பலுக்குத் தலைக்கு மேல் புகை எழும்பினால் அடிவானம் கடந்தும் காட்டிக்கொடுத்துவிடும். சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போனபோது, செப்டம்பர் 27-இல், பியூரெஸ்க் என்ற கப்பல் சிக்கியது. ஆறாயிரம் டன்னுக்கு மேல் முதல்தர வெல்ஷ் கரி. சென்னையைச் சுட்டதைவிட அன்றைக்குத்தான் கப்பலில் உண்மையான கொண்டாட்டம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரி ஏற்றுவது என்றால் இரண்டு கப்பல்களை நடுக்கடலில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அலையில் அவை மோதிக்கொள்ள, மூட்டை மூட்டையாகச் சுமந்து, மேல்தளத்திலும் மலைபோலக் குவிப்பது. அதிகாரி, மாலுமி என்ற பேதமில்லாமல் எல்லோர் முகமும் கறுத்திருக்கும். வெப்பமண்டலக் கடலில், இரும்பு அறைக்குள், அடுப்பு வாயைத் திறந்து மூடி அள்ளிப் போடும் ஃபயர்மேன்கள் இருந்த இடத்தை அடுப்படி என்று சொன்னால் அடுப்படிக்கு அவமானம். அக்டோபர் 9-இல் டியாகோ கார்சியாத் தீவில் ஒதுங்கி அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே தெரியாது. எதிரி என்று தெரியாமல் விருந்து வைத்தார்கள். பதிலுக்கு அவர்களின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள் எம்டன்காரர்கள். பிற்காலத்தில் அந்தத் தீவுக்காரர்கள் அத்தனை பேரையும் அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அப்புறப்படுத்தியது பிரிட்டன். அது வேறு கதை.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக மரச்சட்டமும் கான்வாஸும் வைத்துப் பொய்ப் புகைபோக்கி ஒன்று செய்திருந்தார்கள், ஆங்கிலக் கப்பல் யார்மவுத் போலத் தெரிவதற்காக. அதை மாட்டிக்கொண்டுதான் அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் போய் ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தைத் தகர்க்கப் போனபோது அந்தப் பொய்ப் புகைபோக்கியைத் தந்தி அலுவலர் கண்டுபிடித்துவிட்டார். அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தி காற்றில் போய்விட்டது. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்தது. அதன் பீரங்கி பெரியது, வேகம் அதிகம். எம்டனின் உண்மையான மூன்று புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புகைபோக்கி போனால் அடுப்புக்குக் காற்று இழுப்பு போகும். இழுப்பு போனால் நீராவி போகும். நீராவி போனால் கப்பல் வெறும் இரும்பு. முல்லர் அதை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். இறந்தவர்கள் 130 பேருக்கு மேல்.

கரைக்கு வந்த நீராவி

இந்தக் கரைக்கும் நீராவிக்கும் எம்டனுக்கு முந்தைய உறவே உண்டு. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகேறி சென்னைக்குப் போனது. கடற்கரைச் சவுக்குத் தோப்புகளை வெள்ளையர்கள் வளர்த்ததே ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்பதற்காக. போர்த் தொழிலும் பழசு. 1613-இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இங்கே வெடிமருந்து ஆலை வைத்து, கீழைக்கடல் முழுக்க அனுப்பினார்கள். மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

எம்டன் போய் ஐம்பத்தாறு ஆண்டு கழித்து நீராவி கரையிலேயே குடியேறியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். இரண்டு கட்டமும் சேர்த்து 1,830 மெகாவாட். பக்கத்தில் வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டமாக இன்னொரு 800. கரி இறக்குவதற்கென்றே எண்ணூரில் துறைமுகம் கட்டி 2001-இல் திறந்தார்கள். இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அஜித் நடித்த 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும் மீனவ கிராமத்தின் பெயர் அத்திப்பட்டி என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தத்துவம் எம்டனுடையதேதான். கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியின் தள்ளலால் எந்திரத்தைச் சுழற்றுவது. பிஸ்டனுக்குப் பதில் டர்பைன், நிமிஷத்துக்கு 3,000 சுற்று. நீராவியின் சூடு 540 டிகிரி. கரி ஒடிசாவிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. எம்டன்காரர்கள் வங்காளக் கரியைத் திட்டியதற்கு என்ன காரணமோ அதே குணம் இதற்கும் உண்டு. நூறு டன் எரித்தால் முப்பது நாற்பது டன் சாம்பல். கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரில் ஏறி வெந்நீராக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது.

எம்டன் சாம்பலைக் கடலில் கொட்டிவிட்டு நகர்ந்துவிடும். மின் நிலையம் நகராது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டு, பல கிலோமீட்டர் தள்ளிச் சாம்பல் குளத்தில் சேர்க்கிறார்கள். குழாய் பழசாகும்போது வழியில் கசிகிறது. கொசஸ்தலை ஆற்றில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும்: மேலே முழங்கால் தண்ணீர், அடியில் கால் வைத்தால் சேறாக இல்லாமல் சிமெண்டுக் கலவைபோலச் சாம்பல் நிறத்தில் இறுகிய ஒன்று. இறால் தங்குவது சேற்றில். இருளர்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம், விரல் நுனிதான் கருவி. அந்த விரலுக்குச் சாம்பலில் ஒன்றும் அகப்படாது. சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செப்பாக்கத்தில் காற்றடிக்கும் காலத்தில் சோற்றுத் தட்டை மூடி வைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் எண்ணூர்ச் சதுப்பில் சாம்பல் சேர்ந்ததைக் கண்டித்தது.

எண்ணெயும் வந்தது. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது. அப்போதும் மீனவர்கள் மக்காலும் வாளியாலும்தான் அள்ளினார்கள். வலைகளையும் படகுகளையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. 1914-இல் இரண்டு எண்ணெய்த் தொட்டியை எரிக்க ஒரு போர்க்கப்பல் உலகைச் சுற்றி வர வேண்டியிருந்தது. அன்று குண்டு விழுந்த சுவருக்குக் கல்வெட்டு உண்டு. கொசஸ்தலையின் அடிச்சேற்றுக்கு எதிரி யார் என்று காட்ட ஒரு கப்பல் இல்லை. வீரன் என்று காட்ட ஒரு செண்பகராமனும் இல்லை. அதனாலேயே அது கதையாகவில்லை என்று நினைக்கிறேன். கொதிகலன் அறையைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அது கப்பலில் இருந்தாலும் சரி, கரையில் இருந்தாலும் சரி.

பழவேற்காட்டுப் பக்கம் இப்போது பேச்செல்லாம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பற்றித்தான். 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த துறைமுகம். ஏறக்குறைய 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. முகத்துவாரத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவில் உள்ள மணல்திட்டு மெலிந்துகொண்டே போகிறது. கடலில் கல் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், வடக்கே இருக்கும் பக்கம் கரையும். இந்தக் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போவதால் கரைவது எப்போதும் வடக்குக் குப்பங்கள்தான். முகத்துவாரம் அடைத்தாலும் சரி, கரை உடைந்து கடல் உள்ளே வந்தாலும் சரி, ஏரி ஏரியாக இருக்காது. எந்த நாள் எந்த ஊர் எந்த இடத்தில் வலை போடலாம் என்று 'பாடு' முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுக் கொண்டிருப்பவர்களுக்கு, பங்கிட ஒன்றும் மிஞ்சாது என்ற பயம். 2021 ஜனவரி 22-க்கு அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்ததும் நடக்கவில்லை. இரண்டு தடவையும் அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கூடிப் பேசி, மனு எழுதி, கறுப்புக்கொடி கட்டியது குப்பத்து ஆட்கள். தலைமை தாங்கியவர் என்று ஒருவரை மட்டும் சுட்டிச் சொல்ல முடியாத வேலை அது.

காட்டூருக்கு உப்பு இன்னொரு திசையிலிருந்தும் வருகிறது. மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீரைச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் இறைத்ததில், பூமிக்கு அடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. நல்ல தண்ணீர் கொடுத்த ஊர்களின் கிணறு கரித்தது. 2010-இல் காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, அதுவும் சென்னைக்காக. அந்த ஆலை ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கரி வேண்டும். காட்டூர் ஏரியையும் தத்தமஞ்சி ஏரியையும் இணைத்து ஆரணி ஆற்று வெள்ளத்தைத் தேக்கி, அடியில் இறங்கவிட்டு உப்பைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று பொதுப்பணித்துறை கையில் எடுத்த திட்டத்துக்குக் கரியும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். மண் கரையும் மதகும் ஒரு நல்ல மழையும் இருந்தால் போதும்.